உறைதோளும் அதனைத் தணிக்கும் மென்முறைகளும்

மனித உடலிலுள்ள மூட்டுக்களுள் மிகுந்த சுதந்திரமுடையது தோண்மூட்டே. முழங்கால் பெரும்பாலும் ஒரே போக்கில் மடங்கி நீள்வது. இடுப்பு மூட்டு ஆழ்ந்த குழியொன்றினுள் அடங்கி நிற்பது. தோளோ முன்னும் பின்னும், பக்கத்தும் மேலும், வட்டமாயும் இயங்கவல்லது. கரும்பலகையின் உச்சியில் எழுதும் ஆசிரியரும், கிணற்றில் நீரள்ளுபவரும், கூந்தலை வாரி முடிக்கும் மங்கையரும், சிரமேற் கைகுவித்து வழிபடும் அடியாரும் இச்சுதந்திரத்தைக் கொண்டே தத்தம் கருமங்களை ஆற்றுகின்றனர். அது தடையின்றி இருக்குங்காறும் அதனை எவரும் நினைப்பதில்லை. ஒருநாட் காலையிற் சட்டையினுட் கையை நுழைக்கும்போது சுரீரென வலி எழுந்து, நாளடைவில் அக்கை தோளளவுக்குங்கூட உயராது நின்றுவிடும்போதே அதன் அருமை புலனாகின்றது. இங்ஙனம் தோண்மூட்டு முதலில் வலித்து, பின்னர் இறுகி, பூட்டிட்டாற்போல நின்றுவிடும் நோயே உறைதோள் எனப்படும்.

இந்நோய் புதியதன்று, இதன் பெயரே புதியது. 1872 ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணராகிய துப்பிளே என்பார், தோண்மூட்டைச் சூழ்ந்த பகுதிகளில் எழும் அழற்சியென இதனை விவரித்தார். 1934 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து வைத்தியராகிய கொட்மன், தோளைப்பற்றித் தாம் எழுதிய பெருநூலில் 'உறைந்த தோள்' என்னும் பெயரை இதற்கு இட்டார். வரையறுத்தற்கும், மாற்றுதற்கும், காரணங் கூறுதற்கும் அரிய நோய் இதுவென்பது அவர் கருத்து. 1945 ஆம் ஆண்டில் நெவியாசர் என்னும் மற்றோர் அமெரிக்க வைத்தியர், மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்குதலே நோயின் அடிப்படையெனக் கண்டு, 'ஒட்டும் மூட்டுறையழற்சி' எனப் பொருள்படும் பெயரை வழங்கினார். யப்பானியர் இதனை 'ஐம்பது வயதுத் தோள்' என்னும் பொருளிற் 'கோசூக்கத்தா' என்பர். நோய் யாரைத் தேடி வருகின்றது என்பதை அப்பெயரே சொல்லிவிடுகின்றது.

கீழைத்தேய வைத்திய நூல்களும் இதனை அறியாதிருந்தில. தோளிடத்தே தங்கிய வாயு அதன் பந்தனங்களை உலரச்செய்து, அங்குள்ள நாளங்களைச் சுருக்கி, 'அவபாகுகம்' என்னும் நோயை விளைக்கும் எனச் சுசுருத சங்கிதை கூறும். யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாதநோய்களை எண்பதாக வகுக்கும். அவற்றுட் கும்பவாதத்தை இக்காலச் சித்தவைத்தியர் உறைதோளோடு ஒப்பிடுவர். பண்டையோர் மூட்டுறையை நுணுக்குக்காட்டியிற் கண்டவரல்லர். எனினும் உலர்தல், சுருங்குதல் என்னும் இரு சொற்களால் அவர் குறித்த நிலை இன்றைய உடற்கூற்று நூலார் காண்பதற்கு வெகு தொலைவிலில்லை.

இனி, இந்நோயில் தோளினுள் நிகழ்வது யாதென நோக்குவாம். புயவென்பின் உருண்டைத் தலை, தோட்பட்டையென்பிலுள்ள ஆழமற்ற குழியொன்றிற் பொருந்தியுள்ளது. சிறு தட்டொன்றின்மேல் வைத்த பந்தினை இவ்வமைப்புக்கு உவமையாகக் கூறலாம். இவ்விரண்டையும் சூழ்ந்து, பை போன்ற மூட்டுறையொன்று உளது. அது இறுக்கமின்றி, அக்குட்பக்கத்தில் மடிப்பாகத் தொங்கும். கையை உயர்த்துங்கால் அம்மடிப்பு விரிந்து இடங்கொடுக்கும். உறைதோளில் இவ்வுறை முதலில் அழற்சியுற்றுச் சிவந்து, பின்னர் நார்த்திசு பெருகித் தடித்துச் சுருங்குகின்றது. தொங்கிய மடிப்பு மறைகின்றது. மூட்டினுள் நீர்மம் தங்கும் இடமுங் குறுகுகின்றது. உள்ளங்கைத் திசு தடித்து விரல்களை மடக்கிவிடும் நோயில் எத்தகைய உயிரணுக்கள் காணப்படுமோ அத்தகையவையே இச்சுருங்கிய உறையிலும் உள்ளன என்பதை 1995 ஆம் ஆண்டில் இங்கிலாந்து வைத்தியர் இருவர் எடுத்துக்காட்டினர்.

கை முழுவதும் உயர்வதில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு இம்மூட்டினாலும், எஞ்சிய ஒரு பங்கு தோட்பட்டை முதுகின்மேற் சுழல்வதாலும் நிகழ்வது. மூட்டு இறுகியபின் தோட்பட்டையின் பங்கே எஞ்சுகின்றது. ஆதலின் உறைதோளுடையார் கையை உயர்த்த முயலுந்தோறும் தோள் முழுவதும் காதை நோக்கி எழுவதைக் காணலாம்.

குடிசனத்தில் நூற்றுக்கு இருவர் முதல் ஐவர்வரை இந்நோய்க்கு ஆளாவர் என மதிப்பிடப்படுகின்றது. நாற்பது முதல் அறுபது வயதுவரை உள்ளோரையே, அவருள்ளும் ஆடவரிலும் பெண்டிரையே, இது மிகுதியாகப் பற்றும். கேடயச்சுரப்பி நோயுடையாரையும், கைமுறிவு, பாரிசவாதம், சத்திரசிகிச்சை முதலியவற்றாற் கையை நெடுநாள் அசையாது வைத்திருந்தோரையும் இது நாடும். எல்லாரினும் மேலாக இதற்கு இலக்காவோர் சலரோகம் எனப்படும் நீரிழிவு உடையோரே. அவருள் இந்நோய் மிகுதியாகத் தோன்றும். தோன்றியபின் நெகிழ்வதற்கு நெடுங்காலமும் எடுக்கும். நீரிழிவு பெருகிவரும் இலங்கையில் உறைதோளைப்பற்றிய அறிவு வீடுதோறும் வேண்டப்படுவதற்கு இதுவே தக்க காரணமாகும். காரணமின்றித் தோள் உறைந்த ஒருவர் தம் இரத்தத்திற் சர்க்கரையின் அளவைப் பரிசோதித்தல் நன்று. அதுவரை மறைந்திருந்த நீரிழிவு தோளின் வழியாக வெளிப்படுதலும் உண்டு.

இந்நோய் மூன்று பருவங்களை உடையது. முதலாவது வலிப்பருவம். இதில் வலி நாளுக்குநாள் மிகும். இரவில் அப்பக்கமாகச் சரிந்து படுத்தல் இயலாது. அசைவும் சிறிது சிறிதாகக் குறையும். இரண்டாவது இறுகற்பருவம். இதில் வலி தணியும். இறுக்கமோ உச்சநிலை எய்தும். மூன்றாவது நெகிழ்பருவம். இதில் இழந்த அசைவு மெல்ல மெல்லத் திரும்பும். பருவம் ஒவ்வொன்றும் பல மாதங்கள் நீளும். 1975 ஆம் ஆண்டில் வெளியான றீவ்சு என்பாரது ஆய்வில் 41 நோயாளர் ஐந்து முதற் பத்து ஆண்டுகள்வரை அவதானிக்கப்பட்டனர். நோயின் சராசரிக் காலம் ஏறக்குறைய 30 மாதங்களாயிருந்தது. நூற்றுக்கு 39 பேர் முழுச் சுகம் பெற்றனர். 54 பேருக்குச் சிறிது குறை எஞ்சியபோதிலும் அது அவர்தம் கருமங்களைத் தடுக்கவில்லை. ஏழு பேருக்கே அன்றாட வாழ்வைப் பாதிக்குங் குறை நிலைத்தது. எனவே, 'தானாகவே மாறிவிடும்' என்னுங் கூற்றுப் பெரும்பாலும் உண்மையாயினும் முழுவதும் உண்மையன்று.

தோளில் வலியெல்லாம் உறைதோளாகா. தசைநாண் அறுந்த தோளைத் தானாக உயர்த்த இயலாவிடினும், பிறரொருவர் பிடித்து உயர்த்தினால் அது உயரும். உறைதோளோ பிறர் உயர்த்தினும் உயராது. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கிவைத்து முன்கையை வெளிப்புறமாகத் திருப்பும் அசைவே இந்நோயில் முதன்மையாகக் குன்றும். ஊடுகதிர்ப் படத்திற் பெரும்பாலும் குறையொன்றும் தோன்றாது. நெஞ்சிறுக்கம், வியர்வை, மூச்சுமுட்டு ஆகியவற்றோடு இடத்தோளில் எழும் வலி இருதய நோயின் அறிகுறியாகலாம். காய்ச்சல், வீக்கம், உடல்மெலிவு ஆகியவற்றோடு கூடிய தோள்வலியும், வீழ்ச்சியின்பின் எழுந்த வலியும் வேறு நோய்களைக் குறிக்கலாம். ஆதலின் எண்ணெயும் ஒற்றடமும் தொடங்குமுன் வைத்தியர் ஒருவரைக் கண்டு, நோய் இன்னதெனத் தெளிதல் முதற்கடனாகும்.

இங்ஙனம் தெளிந்தபின், கத்தியுங் குளிசையுமின்றித் துணையாகக் கைக்கொள்ளத்தக்க முறைகள் யாவை, அவற்றை அளக்குங் கோல் யாது என்பன ஆராய்தற்குரியன. தானே தளரும் இயல்புடைய நோயில், இறுதியில் எம்முறையைக் கைக்கொண்டிருந்தாரோ அதனையே நோயாளர் புகழ்வர். இருபதாம் மாதத்திற் பூசிய எண்ணெய், முதல் மாதத்திற் பூசிய எண்ணெயினும் சிறந்ததாய்த் தோன்றும். உண்மையிற் காலஞ் செய்த வேலையின் புகழ் எண்ணெய்க்குச் சென்றுவிடுகின்றது. ஆதலின் 'இது நோயை மாற்றியதா' என வினவுவதினும், 'இது இன்றைய வலியைக் குறைக்கின்றதா? எஞ்சிய அசைவைக் காக்கின்றதா? தீங்கின்றி அமைகின்றதா?' என வினவுதலே பொருத்தமாகும். இம்மூன்றுமே இந்நோய்க்குரிய அளவுகோல்கள்.

முதலாவது முறை வெப்பம். நொச்சி, ஆமணக்கு முதலியவற்றின் இலைகளை வதக்கித் துணியிற் பொதிந்து ஒற்றுதலும், வேது பிடித்தலும் தமிழர் வீடுகளில் நெடுங்காலமாக வழங்குவன. வெந்நீர்ப் பையும் இப்பயனைத் தரும். வெப்பம் தசைகளின் விறைப்பைத் தளர்த்தும், வலியுணர்வை மழுங்கச்செய்யும். அது ஆழத்திலுள்ள மூட்டுறையின் சுருக்கத்தைத் தானாக விரித்துவிடாது. ஆயினும் பதினைந்து நிமிட ஒற்றடத்தின்பின் செய்யும் பயிற்சி, ஒற்றடமின்றிச் செய்வதினும் எளிதாயிருத்தல் அனுபவத்திற் காணப்படுவது. எனவே வெப்பத்தைச் சிகிச்சையென்பதினும் பயிற்சிக்கு வாயில் என்றல் பொருந்தும். நீரிழிவினால் தோலுணர்ச்சி குன்றியவர் சூட்டின் அளவை அறியாது புண்பட நேரும். அவருக்குப் பிறரொருவர் தம் கையிற் சூட்டைப் பார்த்த பின்னரே ஒற்றடம் இடுதல் வேண்டும்.

இரண்டாவது, எண்ணெய் பூசித் தேய்த்தல். சித்தவைத்தியர் இதனைத் தொக்கணம் என வழங்கி, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பதாக வகுப்பர். முன்னோர் இதனை ஒரே செயலாகக் கொள்ளாது ஒன்பதாகப் பிரித்தமை சிந்தித்தற்குரியது. எல்லாத் தொக்கணமும் எல்லா நிலைக்கும் ஏற்றதன்று என்பது அதனாற் பெறப்படும். வலிப்பருவத்தில் அழற்சியுற்ற மூட்டை முறுக்குதலும் இழுத்தலும் எரியும் நெருப்பில் நெய் வார்ப்பதாகும். அப்பருவத்திற் கழுத்தையும் தோட்பட்டையையும் சூழ்ந்த தசைகளை மெல்லப் பிடித்தலும் அழுத்தலும் போதியன. நோயுற்ற மூட்டுக்கு ஈடுசெய்ய ஓயாது உழைக்கும் அத்தசைகள் களைத்து நோவெடுத்திருக்கும். அவற்றின் நோவு தணிந்தால் உறக்கமுங் கூடும். அசைத்தல், இழுத்தல் முதலியன வலி அடங்கிய பின்னர், பயின்ற கையினாலேயே செய்யத்தக்கன.

மூன்றாவதும் தலையாயதும் பயிற்சி. இதற்குப் பொருட்செலவு இல்லை, பொறுமையே செலவு. கொட்மன் பெயரால் வழங்கும் ஊசற்பயிற்சி எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது. நோயாளர் நலமுள்ள கையை மேசைமீது ஊன்றி, இடுப்பளவில் முன்வளைந்து, நோயுற்ற கையைத் தளரத் தொங்கவிடுதல் வேண்டும். பின்னர் உடலை மெல்ல அசைத்து, அக்கையைக் கடிகார ஊசல்போல முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், சிறு வட்டமாகவும் பத்துப்பத்து முறை ஆடவிடுதல் வேண்டும். இங்குக் கையைத் தூக்குவது தசையன்று. கையின் பாரமே மூட்டை மெல்ல விலக்குகின்றது. வட்டத்தை நாளடைவிற் பெருக்கலாம்.

இறுகற்பருவத்தில் வேறு சில பயிற்சிகளும் சேர்க்கத்தக்கன. சுவரை நோக்கி நின்று, விரல்களை எறும்பு ஊர்வதுபோலச் சுவரில் மேலேற்றி, எட்டிய உயரத்திற் கரிக்கோடிட்டு, அடுத்த கிழமை அக்கோட்டைக் கடக்க முயலலாம். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இரு கையாலும் கோலொன்றைப் பிடித்து, நலமுள்ள கையால் மற்றக் கையை வெளிப்புறமாகத் தள்ளலாம். முதுகின் பின்னே துவாயொன்றைக் குறுக்காகப் பிடித்து, மேற்கையாற் கீழ்க்கையை மெல்ல உயர்த்தலாம். கிணற்றுக் கப்பி போன்றதொன்றிற் கயிறிட்டு, ஒரு கையை இறக்க மறுகை எழுமாறு செய்தலும் உண்டு. இவற்றை நாளுக்கு இருமுறை அல்லது மும்முறை செய்தல் தகும். பயிற்சியின்பின் எழும் சிறு நோவு விரைவில் அடங்குமாயின் அளவு சரியானது. அன்றிரவு உறக்கத்தைக் கெடுக்குமாயின் அளவு மிகுந்தது என்று கொள்க.

யோகாசனம் பயில்வோருக்கும் இவ்விதியே பொருந்தும். கோமுகாசனத்தில் ஒரு கை மேலிருந்தும் மறுகை கீழிருந்தும் முதுகின்பின் கோத்துக்கொள்வன. அஃது இந்நோயில் இழக்கப்பட்ட அசைவே ஆகும். ஆதலின் அதனை வலிந்து முயலுதல் கூடாது. நெகிழ்பருவத்தில் இரு கைக்கும் இடையே துணியொன்றைப் பற்றிப் பயிலலாம். உடற்பாரத்தைக் கைகளில் ஊன்றும் ஆசனங்களை வலிப்பருவத்தில் விலக்குதல் வேண்டும். ஆறுதலான மூச்சுப் பயிற்சியோ தோளை வருத்தாமலே உறக்கத்துக்கு உதவும். படுக்கையில் நோயுற்ற கையின்கீழ்ச் சிறு தலையணை வைத்துக்கொள்ளுதலும் இரவு வலியைக் குறைக்கும்.

மென்மைக்கும் வன்மைக்கும் உள்ள வேறுபாட்டை நெதர்லாந்து நாட்டிலிருந்து 2004 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று தெளிவாகக் காட்டுகின்றது. 77 நோயாளர் இரு சாராராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு சாராருக்கு வலியெல்லையைக் கடந்தும் மூட்டை நீட்டும் கடும் பயிற்சி அளிக்கப்பட்டது. மற்றச் சாராருக்கு நோயின் இயல்பு விளக்கப்பட்டு, வலியெல்லைக்குள் அமைந்த ஊசல் முதலிய பயிற்சிகளே விதிக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகளின் பின் நோக்கியபோது, மென்முறையைக் கைக்கொண்டோருள் நூற்றுக்கு 89 பேர் இயல்பான அல்லது அதனை அடுத்த நிலையை எய்தியிருந்தனர். கடுமுறையைக் கைக்கொண்டோருள் 63 பேரே அந்நிலையை எய்தினர். ஆய்வு சிறியதாயினும், பலாத்காரம் பயன்தரும் என நம்புவோருக்கு அது நல்லதோர் எச்சரிக்கையாகும்.

நான்காவது, சீனரது அக்குபங்சர். ஊசி தோலைத் துளைப்பதாயினும் மருந்தொன்றையும் செலுத்தாமையின் இது துணைச்சிகிச்சைகளுள் எண்ணப்படும். 2001 ஆம் ஆண்டில் ஹொங்கொங்கில் 35 நோயாளரிடத்து நிகழ்ந்த ஆய்வில், பயிற்சியோடு ஊசிமுறையும் பெற்றோர் பயிற்சி மட்டும் பெற்றோரினும் முன்னேற்றங் கண்டனர். எனினும் தோள்வலிக்கான ஊசிமுறை ஆய்வுகளை ஒருங்கே நோக்கிய 2005 ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, அவை சிலவும் சிறியனவும் ஆதலின் ஆதரிக்கவோ மறுக்கவோ போதிய சான்றில்லை என முடித்தது. தூய ஊசியும் பயின்ற கையும் உள்ள இடத்து வலி தணிவதற்கு இதனை முயன்று பார்த்தலிற் குற்றமில்லை. தோலின்மேல் மெல்லிய மின்னோட்டஞ் செலுத்துதல், மிகையதிர்வு ஒலியலை, தாழ்வலு லேசர் ஒளி முதலியனவும் இவ்வகையின. அவற்றுள் லேசருக்கே ஓரளவு சான்று கிடைத்துளது. அதுவும் பயிற்சிக்குத் துணையாகவன்றி மாற்றாக அன்று.

இம்முறைகளின் பயனை மிகைப்படுத்துதல் தகாது. கையாற் செய்யுஞ் சிகிச்சையையும் பயிற்சியையும்பற்றி 2014 ஆம் ஆண்டில் வெளியான தொகுப்பாய்வு 32 ஆய்வுகளையும் 1836 நோயாளரையும் உள்ளடக்கியது. அத்தனையுள்ளும் இவ்விரண்டையும் ஒருங்கே பெற்றோரை ஒன்றும் பெறாதோருடன் ஒப்பிட்ட ஆய்வு ஒன்றேனும் இருக்கவில்லை. மூட்டினுட் செலுத்தும் ஸ்டீரொயிட் ஊசி தொடக்க வாரங்களில் இவற்றினும் விரைவாக நிவாரணமளித்தது. ஆறு மாதங் கழிந்தபின் அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. ஆதலின் வலி தாங்கொணாதவிடத்து வைத்தியர் அவ்வூசியை விதிப்பின், மென்முறைகளின்மேற் கொண்ட பற்றினால் அதனை மறுத்தல் அறிவுடைமையன்று. நீரிழிவுடையார் அதன்பின் சில நாட்களுக்குத் தம் சர்க்கரையின் அளவைக் கவனித்தல் வேண்டும்.

மறுபுறம், சத்திரசிகிச்சையே முடிந்த முடிபென்னும் எண்ணமும் தளர்ந்துள்ளது. பிரித்தானியாவில் 35 வைத்தியசாலைகளில் 503 நோயாளரைக்கொண்டு நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2020 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மயக்கமருந்தளித்துத் தோளை அசைத்து நெகிழ்த்துதல், நுண்குழாய் வழியாக மூட்டுறையை வெட்டித் தளர்த்துதல், ஸ்டீரொயிட் ஊசியோடு முறைப்படுத்திய இயன்மருத்துவப் பயிற்சி ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டன. ஓராண்டின் பின் இவற்றுள் எதுவும் நோயாளர் தெளிவாக உணரத்தக்க அளவு மற்றையவற்றை விஞ்சவில்லை. பயிற்சி பெற்றோருட் சிலருக்குப் பின்னர் வேறு சிகிச்சை வேண்டப்பட்டது உண்மையே. எனினும் கத்தியை நாடுமுன் பயிற்சியை நாடுதல் பிழையன்று என்பது இதனால் உறுதியாயிற்று. பல மாதங்கள் முயன்றும் முன்னேற்றங் காணாதோருக்கே சத்திரசிகிச்சையின் துணை வேண்டப்படும்.

வருமுன் காத்தலும் கருதத்தக்கது. கை முறிந்தோரும் பாரிசவாதமுற்றோரும் நெஞ்சிலோ மார்பிலோ சத்திரசிகிச்சை பெற்றோரும், வைத்தியர் அனுமதித்த நாள்முதலே தோளை மெல்ல அசைத்துவரல் வேண்டும். 'அசைத்தால் நோகும்' என அஞ்சிக் கையைத் துணித்தூக்கில் நெடுநாட் கிடத்துதல் உறைவுக்கு வழிகோலும். ஒருமுறை நெகிழ்ந்த தோள் மீண்டும் உறைதல் அரிதாயினும், மற்றைத் தோள் பின்னொருகால் நோயுறுதல் உண்டாதலின் நீரிழிவைக் கட்டுப்படுத்தி ஒழுகுதலும் இன்றியமையாததாகும்.

மேற்கூறியவற்றால் ஓருண்மை புலப்படும். பூட்டிய கதவை உதைத்துத் திறக்க முயல்வோன் கதவையும் நிலையையும் சேதப்படுத்துகின்றான். உறைதோளும் அத்தன்மையதே. வலிப்பருவத்திற் பொறுமையும் இதமும், இறுகற்பருவத்தில் இடைவிடாச் சிறுமுயற்சி, நெகிழ்பருவத்தில் ஊக்கம் என்னும் மூன்றுமே அதற்குரிய திறவுகோல்கள். இரவெல்லாம் உறங்காது, கை இனி எழாதோ என ஏங்கும் நோயாளருக்கு வைத்தியர் அளிக்கும் முதல் மருந்து எண்ணெயுமன்று, ஊசியுமன்று. இந்நோய்க்கு ஒரு தொடக்கம் இருந்தாற்போலப் பெரும்பாலும் ஒரு முடிவும் உண்டு என்னும் உண்மையை எடுத்துரைத்தலே அம்மருந்தாகும். அவ்வுண்மையை உணர்ந்தோர் சுவரில் இட்ட கரிக்கோட்டைக் கிழமைதோறும் ஓர் அங்குலமேனும் உயர்த்த முயல்வர். கரும்பலகையின் உச்சியை அக்கை மீண்டும் எட்டும் நாள் அத்தகையோருக்குப் பெரும்பாலும் வந்தே தீரும்.